கருத்த இசக்கி

அம்மாவுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பே தாத்தாவைத் தாமிரபரணி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இருந்த ஒரே கல்யாணப் படமும் ஓலைக்கூரை தீப்பிடித்தபோது போயிற்று. கெட்ட நேரம் வந்தால் தண்ணீரும் நெருப்பும் பேசிவைத்துக்கொண்டுதான் வரும்போல.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது துட்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள், தாத்தா ஆடிய கபடிக் குழு ஜெயித்துப் பேப்பரில் படம் வந்ததென்று. அவ்வளவுதான், அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. கோடை லீவு முழுக்க என்னையும் இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்துக்கு அலைந்தாள்.

"ஊரே பழைய பேப்பர எடைக்குப் போடுது, இவ அதத் தேடிப் படிக்கப் போறா" என்று அப்பா எரிந்து விழுவார்.

பைண்டு செய்த பழைய பேப்பர்களைத் திறந்தாலே எனக்குத் தும்மல். "பைய திருப்புங்கம்மா, பொடிஞ்சிரும்" என்று அங்கிருந்த அண்ணாச்சி சத்தம் போடுவார். திரும்பும்போது கிடைக்கும் சர்பத்துக்காக நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் படம் கிடைத்தது. கீழே இருந்த பெயர்களில் இசக்கிமுத்து என்று படித்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதே வரிசையில் இன்னொரு இசக்கிமுத்தும் இருந்தார்; யாருக்கும் இனிஷியல் போடவில்லை.

எங்கள் குலதெய்வம் இசக்கியம்மன். தாத்தாவும் அவரும் அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை; இருவருக்குமே அம்மன் பெயரை வைத்துவிட்டு, அடையாளத்துக்குக் கருத்த இசக்கி, செவத்த இசக்கி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தாத்தா கருத்தவர். செவத்தவர் பம்பாய்க்கு ரயிலேறியவர், இருக்கிறாரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது.

தாத்தாவைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருந்தவர் அவருடைய தம்பி மட்டும்தான். கண் பார்வை போய், வள்ளியூரில் மகள் வீட்டில் கிடந்தார். அம்மா படத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"இதுல எங்கப்பா எது சித்தப்பா?"

"எவன் கருப்பா இருக்கானோ அவன்தாட்டி. இதுல என்ன சந்தேகங்கேன்?"

"எல்லாரும் கருப்பாத்தான் இருக்காவ சித்தப்பா."

அவர் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "மூக்கு எப்படி இருக்கு?" என்றார். மூக்கு இருந்த இடத்திலும் மைதான் அப்பியிருந்தது. அம்மா வாய்விட்டு அழுதாள். "எனக்குக் கொடுத்துவச்சது இவ்வளவுதான்" என்று பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆடி அமாவாசையன்று அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள். குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு படத்தின் முன் போய் நின்றவள், நின்றுகொண்டே இருந்தாள். எனக்குப் பசி. இலை போட்டாயிற்று, பாயச வாசனை வேறு.

"ரெண்டு இசக்கிக்கும் வச்சிரும்மா" என்றேன்.

"சும்மா இருட்டி. செத்தவங்களுக்குத்தான் படத்துல பொட்டு வைப்பாவ. இன்னொருத்தர் எங்கனயாவது உசுரோட இருந்தா?"

அதற்கும் மேல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த விரலைப் பக்கத்துச் சுவரில் தேய்த்துத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புதிதாக வெள்ளையடித்த சுவராயிற்றே, அப்பா பார்த்தால் திட்டுவாரே என்றுதான் அன்று எனக்குக் கவலையாக இருந்தது.