மூன்றே நிமிஷத்தில் எழுந்த மெஷின்

இன்று காலை பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

“சார், என்னைத் தெரியுதா? சரோஜா.”

தெரியாமல் எங்கே போவது. எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் எங்கள் ஆபீஸுக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்கு அவர் ஆபரேட்டர், நான் புரோகிராமர்.

அந்த மெஷின் கிராஷ் ஆனால், அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் மறுபடி எழும். இருபது நிமிஷம் ஆகும். கவுண்டரில் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். நான் கெர்னலில், அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை புரோகிராமில், அந்த எழுதும் வேலையையே நிறுத்திவிட்டேன். மூன்றே நிமிஷத்தில் எழுந்தது. அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் மெஷின் தினமும் விழ ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து எஞ்சினியர் வந்தார்.

“விழும்போது டிஸ்க்ல எழுதி வைக்குமே, அந்த டம்ப் எங்க சார்? அது இருந்தாத்தானே ஏன் விழுதுன்னு பாக்க முடியும்?”

“ஆபரேட்டர் எதையாவது தப்பா அமுக்கி அழிச்சிருப்பாங்க” என்றேன்.

சரோஜாவை ஆந்திரத்துக்குள் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான ஏனாமுக்கு மாற்றினார்கள். கைக்குழந்தையோடு போனார்.

“ஆறு வருஷம் சார். புள்ளைக்கு தெலுங்குதான் மொதல்ல வந்துச்சு” என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அன்னைக்கு நான் எதை சார் தப்பா அமுக்குனேன்? இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

“பழைய கதை, விடுங்க” என்றேன்.

நான் இறங்க வேண்டியது தருமபுரம். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

இதை உங்களுக்கெல்லாம் எழுத எனக்குக் கை வருகிறது, அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கியவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?