மூடிக் கிடந்த பெட்ரோல் குழாய்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து, மயிலாப்பூரில் தங்கியிருந்தேன். திருவல்லிக்கேணியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சிலோன்காரன் என்றால் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை, சாந்தோம் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. வெயிலில் பட்டறைவரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நாலைந்து வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"சிலோன்காரன் எண்டுதானே என்னை ஏமாத்திப் போட்டியள்?" என்று கத்தினேன்.

பாய் வண்டியருகே வந்தார். குனிந்து, பெட்ரோல் டாங்கியின் அடியில் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தார். ஒரே உதையில் வண்டி உறுமியது.

யாரோ சிரித்தார்கள். பாய் அந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறே? அவரு மேல தப்பு இல்ல. ராவுல கொழாய மூடணும், காலைல தொறக்கணும்னு நான்தான் சொல்லாம உட்டுட்டேன்."

வண்டியை விற்ற அன்று இதை அவர் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். வாங்கிய குஷியில் நான் தலையை ஆட்டியதோடு சரி; ராத்திரி குழாயை மூடியவன் காலையில் திறக்க மறந்துவிட்டேன்.

அத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வண்டி இருந்தவரை, காலையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் சொன்ன பொய்க்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.