மூக்கு சுகிர்தம்

பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சுகிர்தம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி வெறும் சுகிர்தம். மற்றவள் மூக்கு சுகிர்தம். மூக்கு பெரிதென்று வந்த பெயரல்ல, அந்த மூக்கு எதையும் பொறுக்காது என்று வந்த பெயர். கொழுந்து எடுக்கப் போன காலத்தில் அடுத்தவர் தேத்தண்ணிக் கோப்பையில் அவள் வாய் வைத்ததில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாராவது துப்பியிருந்தால் வெறுங்குடத்தோடு திரும்பிவிடுவாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபின், பரிமாறுகிறவனின் நகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவள். இப்படிப்பட்டவள் கையில்தான் பாரிசவாதக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

அவள் புருசன் சூசைரட்ணம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் குரல்தான் எல்லோருக்கும் முந்தும். இரண்டு வருசத்துக்கு முன் உடம்பின் வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து விழுந்தது. ஒரே ஒரு சொல் எப்படியோ மிஞ்சியது: ஆமென். பசித்தாலும் ஆமென், வலித்தாலும் ஆமென், பூனை கட்டிலில் ஏறினாலும் ஆமென். மகள் தனுஷிகா கொழும்பில் கடை வேலை. எப்போதாவது வந்து, அம்மா பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள்.

சுகிர்தம் மலை வேலையை விட்டுவிட்டு அவரோடு அடைந்து கிடந்தாள். எச்சில், மூத்திரம், கஞ்சி காய்ந்த சட்டைக் கழுத்து, மழை நாளில் காயாமல் நாறும் துணி. குறை வைக்காமல் எல்லாம் செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தாள். செய்யாமல் விட்டாள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் சொன்னார்கள். அதுவும் எப்படி?

வரிசை வீடுகளான அந்த லயத்தில் சுவர் கூரைவரை போவதில்லை. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அடுத்த வீட்டுக் காம்பராவில் யூஜினா. அவளும் அதே சபைதான், ஒரே பாயில் உட்காருகிறவள். விடிந்ததும் முழங்காலில் நின்று, சுவருக்கு எட்டுகிற குரலில் ஆரம்பிப்பாள்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே. எங்க மத்தியில ஒரு சகோதரி இருக்காங்க. பேர் சொல்லல, உமக்குத் தெரியும். அவங்க நாவக் கட்டும் ஐயா. அந்த இருதயத்த இளக்கும்.”

இந்தப் பக்கம் கட்டிலிலிருந்து சூசைரட்ணம், “ஆமென்” என்பார்.

பேர் சொல்லவில்லையாம். சுவருக்கு இந்தப் பக்கம் வேறு எந்தச் சகோதரி இருக்கிறாள், பூனையா? சுகிர்தத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். சபையிலேயே இந்த வியாதி இருந்தது. பிரதாப் குடிக்கிறான் என்றால் அவனிடம் யாரும் பேசமாட்டார்கள், அவன் காதில் விழும்படி ஜெபிப்பார்கள். ஷாமிலா யாரோடோ போனில் பேசுகிறாள் என்றால் அதுவும் ஜெபத்தில் வந்துவிடும். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் எங்கிருந்தோ வீரம் வந்துவிடுகிறது. ஆண்டவரிடமே போய்க் கோள் மூட்டுகிற கூட்டம். அந்த ஜெபம் அவளுக்கு மூத்திரத் துணியைவிட மோசமாக நாறியது.

அந்த மழைக்காலத்தில் சூசைரட்ணம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கோப்பையைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கினால் அதிகம். உதடு வெடித்தது, நாக்கு தடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் இறங்காவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சுகிர்தம் கெஞ்சினாள், திட்டினாள், மூக்கைப் பிடித்து ஊற்றியும் பார்த்தாள். கடைவாய் வழியே வழிந்தது. இவ்வளவு செய்தும் இந்த மனுசனுக்கு என்ன பிடிவாதம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் சுவர் பேசியது.

“ஆண்டவரே, பக்கத்துல ஒரு ஆத்துமா தண்ணியில்லாம வாடுது. அந்தச் சகோதரி வாயில வர்ற சொல்ல மாத்தும் ஐயா.”

“ஆமென்,” என்றது கட்டில், வறண்டுபோய்.

அதற்குமேல் சுகிர்தத்தால் முடியவில்லை. முன்வாசல் இஸ்தோப்பு வழியாகப் போய் யூஜினாவின் கதவைத் தள்ளினாள். யூஜினா முக்காடு போட்டு, கண்ணை மூடியபடி முழங்காலில் நின்றாள்.

“கண்ணத் தொற யூஜினா.”

யூஜினா திறந்தாள்.

“என்னப் பத்திச் சொல்ல இருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரே பாயில ஒக்காந்துக்கிட்டு செவத்து வழியா அடிக்கிறது அசிங்கமா இல்ல? எனக்கு ஒமட்டிக்கிட்டு வருது.”

யூஜினாவின் முகம் சுருங்கிப்போனது. முக்காட்டை எடுத்தாள். “அசிங்கந்தான்க்கா. ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லப் பயமா இருந்துச்சு. தப்பு என்மேலதான்.”

“இப்ப சொல்லு.”

“கோவிச்சுக்குவீங்க.”

“கோவிச்சுக்குவேன். சொல்லு.”

யூஜினா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணனத் தொடைக்கிறப்போ எல்லாம் நீங்க ‘ச்சீ’ங்கிறீங்கக்கா. ஒவ்வொரு வாட்டியும். செவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. அதுக்கும் அவரு ஆமென்ங்கிறாரு.”

“நானா? நான் எப்ப சொன்னேன்?”

“ஒங்களுக்குத் தெரியாது. தண்ணி ஏன் குடிக்க மாட்டேங்கிறாருன்னு நெனைக்கிறீங்க? குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா நீங்க ‘ச்சீ’ன்னுவீங்க.”

சுகிர்தம் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள். இவள் யார் எனக்குச் சொல்ல? ஒருநாள், ஒரே ஒரு நாள் வந்து இந்தத் துணியைக் கசக்கட்டும், அப்புறம் பேசட்டும். வரும்போதே அடுப்படியில் ஈரத்துணி காலில் மிதிபட்டது. குனிந்து எடுத்தாள். அவள் வாயிலிருந்து அது வந்தது, சின்னதாக, காற்றுப்போல: “ச்சீ.”

கட்டிலிலிருந்து உடனே பதில் வந்தது. “ஆமென்.”

அவள் துணியோடு அப்படியே நின்றாள். இரண்டு வருசமாக இந்த வீட்டில் புருசன் பெண்சாதிக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதானா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மூக்கு அவளையே முகர்ந்தது. பொறுக்கமுடியவில்லை.

யூஜினா வாசலில் வந்து நின்றாள். கூப்பிடாமலே வந்தவள், கட்டிலின் மறுபக்கம் போய்ப் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தம் அவளை விரட்டாமல் அடுப்படிக்குப் போனாள்.

கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துவந்தாள். சூசைரட்ணம் உதட்டை இறுக்கினார்.

“குடிங்க,” என்றாள் சுகிர்தம். “ஒண்ணுக்கு வந்தா வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் நம்பவில்லை. வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, ஒரு மிடறு விழுங்கினார். பிறகு இன்னொன்று. பிறகு கோப்பையே காலியானது.

மத்தியானத்துக்குள் படுக்கை நனைந்தது. சூசைரட்ணம் கண்களை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். நாற்றம் அதே நாற்றம்தான். சுகிர்தத்தின் அருவருப்பு எங்கேயும் போய்விடவில்லை, ‘ச்சீ’ நாக்கின் நுனிவரை வந்தது. அவள் பல்லைக் கடித்து அதை உள்ளே விழுங்கினாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க,” என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். வாய் அசைந்தது. ‘ச்சீ’க்கு ஆமென் சொல்லியே பழகியவருக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.