என் எழுத்தின் அளவு

துறைமுகச் சாலையில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கண்டெய்னர் விவரங்களை எக்செலில் ஏற்றிச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. விழித்திரையில் கோளாறு வந்த பிறகு, அவர்கள் தரும் ஷீட்டைப் படிப்பதே பெரும்பாடாகிவிட்டது. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து, அதுவும் எறும்பு சைஸில். திரையைப் பெரிதாக்கினால் பாதி வரிசை வெளியே போய்விடும்; சாம்பல் சாம்பலாகவேதான் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு ஃபைலிலும் எழுத்தைக் கறுப்பாக, தடிப்பாக மாற்றி, தலைப்புகளுக்கு மஞ்சள் அடித்து, அப்புறம்தான் வேலையைத் தொடங்குவேன். மறுநாள் புது ஃபைல். மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து மேசைத் தோழிக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, தெனமும் இதேயா? ஒருதடவ செஞ்சத அப்படியே எடுக்க வழி இருக்காதா?"

மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துத் தேடினோம். வழி இருந்தது. தலைப்பு, எடை, தேதி என்று தலைமை அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தின் நிறம், அளவெல்லாம் சேர்த்து ஒரு பெயரில் ஸ்டைல் வைத்திருந்தது. அதே பெயர்களில் எனக்கேற்ற ஸ்டைல்களை அமைத்துத் தனி ஃபைலாகச் சேமித்தேன். அதையும் புது ஃபைலையும் திறந்துவைத்து, புது ஃபைலில் 'செல் ஸ்டைல்ஸ்' அடியிலுள்ள 'மெர்ஜ் ஸ்டைல்ஸ்' கொடுத்தால், ஒரே பெயருள்ளவற்றை மாற்றவா என்று கேட்கும். ஆம் என்றதும் ஷீட் முழுக்கக் கறுப்பாகிவிடும். அனுப்பும் முன், மாற்றாமல் வைத்திருந்த அவர்களுடைய பழைய ஃபைல் ஒன்றிலிருந்து இதையே செய்து பழையபடி ஆக்கிவிடுவேன்.

ஒருநாள் மேனேஜர் என் திரையைப் பார்த்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு மேல சொல்லுதாங்கம்மா. கண்ணு சரியில்லன்னா போன் எடுக்கிற வேலைக்கு மாறிக்கிடுங்களேன்."

கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் என்னைச் சுட்டது.

"போன் எடுக்க நான் வரல அண்ணாச்சி. என் வேலையில தப்பு இருந்தாச் சொல்லுங்க."

ஷீட்டில் நாலைந்து வரியை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அன்று மாலை ஷீட்டைப் பழையபடி மாற்றாமல், கறுப்பும் மஞ்சளுமாகவே மெயிலில் இணைத்தேன். அவர்களுடைய ஸ்டைல் உள்ள அந்தப் பழைய ஃபைலையும் கூடவே வைத்தேன். 'இப்படி இருந்தால்தான் என்னால் படிக்க முடியும். சாம்பல் வேண்டுமென்றால் இந்த ஃபைலிலிருந்து மெர்ஜ் செய்துகொள்ளுங்கள்' என்று எழுதினேன்.

"ஏளா, வேலை போயிரும்," என்று தோழி கையைப் பிடித்தாள்.

"போனாப் போகட்டும்."

அனுப்பிவிட்டேன்.

காலையில் சென்னையிலிருந்து போன். "உங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாது மேடம்" என்றது ஒரு ஆண்குரல்.

"உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கத்தான் ஃபைல் அனுப்பியிருக்கேனே சார். நான் இனி மாத்தி அனுப்புறதா இல்ல."

"பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இதுவரை எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் பல நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஷீட் மட்டும் தினமும் கறுப்பாகவே போகிறது.

போன மாதம் கண் மருத்துவர், பார்வை இன்னும் கொஞ்சம் மங்கலாம் என்றார். மில்லர்புரம் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. நேரே அலுவலகம் வந்து, என் ஃபைலைத் திறந்து, எழுத்தை இன்னும் ஒரு படி பெரிதாக்கிச் சேமித்தேன்.