தொண்டைக் குழாயும் ஒரு பெயரும்

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், தொண்டையைத் திறந்து குழாய் வைத்த கேஸ் வந்தால் அதிசயம். தொண்டை அடைப்பான் கண்ட குழந்தை, ரணஜன்னியில் தாடை பூட்டிக்கொண்ட ஆள் என்று எப்போதாவது ஒரு காகிதம் வரும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் முளைத்து, நெடுஞ்சாலையில் லாரிகள் பெருகிய பிறகுதான் அந்தக் கோப்பு தடிக்க ஆரம்பித்தது. எங்கள் கட்டண அட்டவணை மட்டும் அசையவில்லை. டான்சிலுக்கு அதில் தனிக் கட்டணம் உண்டு. போகிற உயிரைப் பிடித்து நிறுத்துகிற இந்த ஆபரேஷனுக்குக் கிடையாது. 'சிறு அறுவை' என்ற தலைப்பில், கட்டி கீறுவதோடு சேர்த்து எழுதுவேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். வந்தாலும் விதிப்படிதான் எழுதுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு கம்பெனியில் இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது, தண்டலத்தருகே முன்னால் போன லாரியிலிருந்து அவிழ்ந்து தொங்கிய கயிறு கழுத்தில் மாட்டி இழுத்துவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரி வரை மூச்சு தாங்காது என்று, சாலையோரச் சின்ன கிளினிக் டாக்டர் ஒருவரே கழுத்தைத் திறந்து குழாய் வைத்துவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் எங்கள் பட்டியலில் இல்லாத வெளி டாக்டர் செய்ததால் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அனுமதி கிடைக்காமல் காகிதம் திரும்பினால் சம்பளத்துக்குப் பதிலாக வரும் படியும் நின்றுபோகும். கழுத்தில் ஓட்டையோடு அவர் இரும்புத் தூசிக்குள் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

இதெல்லாம் அந்த அம்மாள் சொன்னது. கணவருக்குப் பேச்சு இல்லை. ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். வீட்டில் எத்தனையோ தடவை மூடிப் பார்த்தும் வெறும் காற்றுதான் வந்ததாம்.

நான் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் கழுத்தில் களகளவென்று சத்தம் கேட்டது. கண்கள் பிதுங்கின. நான் பதறி எழுந்திருப்பதற்குள் அந்த அம்மாள் உள்குழாயை உருவி, கையோடு கொண்டுவந்திருந்த, கொதித்து ஆறிய நீரில் அலசி, வெள்ளைத் துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்து, மறுபடி பொருத்திவிட்டார். சத்தம் நின்றது. கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் போகாத அந்தக் கைகளைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். இருபது வருஷ சர்வீஸில் ஒரு கோப்புக் கட்டைக்கூட நான் அவ்வளவு சுத்தமாகக் கட்டியதில்லை.

இருந்தாலும் விதி விதிதானே. அடையாள அட்டை விபத்தில் தொலைந்துவிட்டது. கணவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆள்மாறாட்டம் ஒன்று நடந்து நாங்கள் சூடுபட்டிருந்ததால், பயனாளி என் முன்னால் தன் பெயரை வாயால் சொல்ல வேண்டும், முடியாதபோது மனைவி சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். கணவர் பெயரைச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மலைமேல் நிற்கிற சாமியின் பெயர் என்றார். மலைக்கு மலை சாமி நிற்கிறது, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கடிந்துகொண்டேன். படித்த திமிர். அவர் அசையவில்லை.

"பேர சொன்னா ஆயுசு கொறையும்பாங்க சார். அவுரு உசுரே இந்த ஓட்டையிலதான் கீது. நான் சொல்லி அதையும் கொறச்சுக்கவா?"

இரண்டு மாதமாக அந்த உயிரைத் துணியாலும் வெந்நீராலும் காத்து வந்தவரிடம் நான் என்ன வாதாடுவது? ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலே யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பேனாவை மூடி வைத்தேன். காகிதம் திரும்பத்தான் போகிறது என்று அவர்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

கணவர் சுவரை விட்டு நகர்ந்து மேஜையருகே வந்தார். ஆள்காட்டி விரலால் ஓட்டையை அழுத்தி மூடினார். முகம் சிவந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு ஒரு கரகரப்பு. கதவு கிறீச்சிடுவதுபோல, ஆனால் தெளிவாக, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார்.

எழுதினேன். முத்திரை குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. காகிதம் இனித் திரும்பாது, தைரியமாகப் போகலாம் என்று நிமிர்ந்து சொன்னேன். அந்த அம்மாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு வாட்டி பேரு கேளு சார்."

எழுதி முடித்த காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டேன்.