மாலைக்குத் தடை கேட்ட பூக்கடைக்காரி

நிமிர்வு இயக்கத் தலைவர் கார்த்திகேசு விழாவில் மாலை போட்டுக்கொள்ளப் போகிறாராம் என்ற வதந்தி, மலேசியாவின் கிள்ளான் நகரப் பூக்கடை வரிசைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. சந்திரகலா நம்பவில்லை. “நம்ம இயக்கத்தில் யாருக்கும் மாலை கிடையாது, மேடை கிடையாது” என்று முதல் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தவளே அவள்தான். பூ விற்கிறவளே பூவுக்குத் தடை கேட்டதில் கூட்டம் சிலிர்த்துப் போனது. அன்று கார்த்திகேசு அவள் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றுதான் பேசினார். பேசி முடித்ததும் அவரைத் தோளில் தூக்கிப் போனார்கள். கூடவே ஸ்டூலும் போனது.

மத்தியானம் கடையைப் பக்கத்துக் கடை சீதாலெட்சுமியிடம் விட்டுவிட்டு, விசாரிக்கக் கிளை அலுவலகத்துக்குப் படியேறினாள். செயலாளர் கிஷன் எழுந்து நின்று வரவேற்றான். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

“வாங்கக்கா. ஞாயித்துக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துல விழா. ஆள் உயர ரோஜா மாலை ஒண்ணு வேணும்.”

“தீர்மானம் இருக்கே தம்பி.”

“இருக்கு. அதை யாரு தொட்டா? மாலை மக்களுக்குத்தான். அத்தனை பேருக்கும் போட முடியாது லா, அதான் அவங்க சார்பா தலைவர் போட்டுக்கிறாரு.”

“வேற கடையில சொல்லு.”

“வேற கடைன்னா கொள்கையை விட்டுட்டோம்னு பேசுவாங்க. நீங்களே கட்டினா எவன் வாயைத் திறப்பான்?” குரலை இறக்கினான். “அப்புறம், உங்க வரிசையை முனிசிபல் உடைச்சதும் தரப்போற புதுக் கடை யாருக்குன்னு தலைவர்தான் பார்க்கிறாரு. உங்க பேரும் இருக்கு. பயப்படாதீங்க.”

அதுவரை அவள் பயப்படவில்லை.

கட்ட மாட்டேன் என்றால் கடை போகும். கட்டினால், தலைவர் கழுத்தில் மாலையோடு தொங்கப்போவது அவள் கொண்டுவந்த தீர்மானமும்தான். சனிக்கிழமை முடிச்சுகளைத் தளர்வாகப் போட்டுப் பார்த்தாள், மேடையிலேயே அவிழ்ந்து கொட்டட்டும் என்று. விரல் கேட்கவில்லை. பூக்கட்டியே பிழைத்த கை, இறுக்கித்தான் முடிச்சுப் போட்டது. மாலை வெகு அழகாக வந்து தொலைத்தது.

ஞாயிறு காலை கிஷன் ஆளோடு வேனில் வந்து மாலையை ஏற்றிக்கொண்டு, பேரம் பேசாமல் காசைக் கொடுத்தான்.

“சரியா இருக்காக்கா?”

“காசு சரி. என் ஸ்டூலு?”

“எந்த ஸ்டூலு?”

“உங்க தலைவர் ஏறி நின்னது.”

“ஓ, அதுவா. தலைமையகத்துல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம்க்கா. சரித்திரம் லா, திருப்பித் தர முடியாது. வேற ஒண்ணு வாங்கித் தரேன்.”

“போன வருஷமும் இதைத்தான் சொன்னே.”

“மறக்கமாட்டேன்க்கா.”

வேன் கிளம்பியது. சந்திரகலா, ஸ்டூல் போன நாளிலிருந்து உட்கார்ந்து வரும் கவிழ்த்த வாளியிலேயே மறுபடி உட்கார்ந்தாள்.