சுண்டுவிரல் வைத்தியம்

பத்து வயதில் நான் ஒரு வைத்தியர். மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் கழுத்து சுளுக்கிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கால் முன்னால் வந்து பிறந்தவள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று அங்கே எந்த மொழி பேசுகிறவர்களுக்கும் தெரிந்த விஷயம். குழாயடியில் எதற்கும் ஒத்துப்போகாதவர்கள் என் வலது காலை மட்டும் ஒருமனதாக நம்பினார்கள். நான் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டு போய், குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில் மூன்று முறை நீவிவிட்டு வருவேன். தலைக்கனம் இல்லாமல் இருக்குமா? நிறையவே இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை காலை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, இரண்டு குடங்களோடு ஓடிய அம்மா சிமெண்டுத் திட்டில் இடது காலை இடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாகத் தனியே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா அப்போது ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. நிற்க முடியாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்பது எனக்கே தெரியும். அன்று இரண்டாவது ஷிப்ட் அவளுக்கு. அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அவருக்குச் சொல்லவும் வழியில்லை.

கைத்தாங்கலாக அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மெல்ல ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் முதன்முதலில் வைத்தியம் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

"ஊட்டுலயே வைத்தியத்த வச்சிக்கினு ஆஸ்பத்திரி எதுக்கும்மா? சுளுக்குதான் இது. பாப்பா காலு பட்டா சரியாப் பூடும்."

அதற்குள் நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு, "மெதுவாடி" என்று காலை நீட்டினாள்.

முதல் முறை நீவியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இடுப்பில் கால் வைத்தால் சதை அமுங்கும். இந்த விரலோ குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு என் பாதத்தைக் குத்தியது. இரண்டாவது முறை அம்மா அத்தையின் கையை இறுக்கிப் பிடித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் சுளுக்கு நீவுகிறவர் காலுக்கே ஏறிவிடும் என்று அத்தை எப்போதோ சொல்லியிருந்தார். எனக்கு என் கால்மேல் பயம் வந்துவிட்டது. மூன்றாவது முறையும் அழுத்தி நீவினேன். காலுக்கடியில் என்னவோ நெருடியது. அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளிடமிருந்து அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாதம் பாதி வீங்கி, நகத்தைச் சுற்றிக் கறுத்துக்கொண்டு வந்தது.

ஆட்டோவில் அத்தையும் வந்தார். எங்கள் பஸ் நிறுத்தத்தில் கட்டைக்காலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதலில் ஒரு விரல்தான் கறுத்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரைத் தாண்டிப் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். விரலைச் சட்டென்று தொடவில்லை. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். விரல் நுனியைப் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

"சுளுக்கு இல்லம்மா இது. மூட்டு நழுவியிருக்கு. எலும்பும் உடைஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுத்தான் கை வைப்பேன்" என்றவர், நிமிர்ந்து, "இடிச்சதுக்கப்புறம் யாராச்சும் இழுத்தாங்களா, மிதிச்சாங்களா?" என்று கேட்டார்.

நான் என் வலது காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். அத்தை வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டு, தானே தடுமாறி அதன்மேல் ஊன்றிவிட்டதாகச் சொன்னாள். அம்மா பொய் சொல்கிறாள் என்றால், நான் செய்தது போலீஸ் வரைக்கும் போகிற காரியம் என்றுதான் எனக்குப் பட்டது.

எக்ஸ்ரேயில் உடைசல் இல்லை. ஒன்றன் நுனியில் ஒன்று உட்கார வேண்டிய இரண்டு சின்ன எலும்புகள் அக்கம்பக்கமாக நின்றிருந்தன. மரத்துப்போக ஊசி போட்டு இழுத்து உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார்கள். கதவுக்கு வெளியே நின்று நான் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். என் காலை எடுத்துக்கொள், அம்மா காலை விட்டுவிடு என்று வேண்டினேன். உள்ளே ஒரு 'டக்'. வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்து, சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன்.

கதவு திறந்தபோது ஐந்து விரல்களும் வரிசையில் இருந்தன. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சு வைத்து இரண்டையும் சேர்த்து பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று வாரம் அந்தக் கட்டு, அழுத்தமான அடியுள்ள செருப்பு, நின்று செய்கிற வேலை கூடாது. நாலாவது வாரம் அம்மா கொஞ்சம் நொண்டியபடி ஷிப்டுக்குப் போனாள். நல்லவேளையாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் அம்மாவே பதில் சொல்லிவிடுவாள். பொண்ணு வளர்ந்துட்டா, இனி பலிக்காது என்பாள். நான் செய்த தப்புக்கு அது தண்டனை என்று நினைத்து, நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

போன வருஷம் ஸ்கேன் பார்த்த டாக்டர், என் வயிற்றுக் குழந்தையின் கால் கீழே இருக்கிறது என்றார். நானும் அப்படிப் பிறந்தவள்தான் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். கூட வந்திருந்த அம்மா ஸ்கேன் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "இல்லடி, நீ தலைதான் முன்னால வந்த" என்றாள்.

விருதுநகர்ப் பக்கமிருந்து மத்திகிரிக்கு வந்த புதிதில் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லையாம். அத்தை இடுப்புப் பிடித்துக் கிடந்தபோது, ஏதாவது உதவியாக இருக்கட்டுமே என்று, நான் கால் முன்னால் வந்து பிறந்ததாகச் சொல்லிவைத்தாளாம். பிடிப்பு தானாக விட்டது. பிறகு உண்மையைச் சொல்ல முடியாமல் போயிற்று. அப்படியென்றால் அன்று, என் காலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே எதற்குக் காலை நீட்டினாய் என்று கேட்டேன்.

"நீ பாட்டுக்குக் காலக் கழுவிட்டு வந்து நின்னுட்ட" என்றாள் அம்மா. "அத்தன பேருக்கு முன்னால உன்னைய வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல?"